யார் கதைக்கிறது?

உன்னுடைய நீல விரிப்பைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் பிரித்தேன். காலைப் பூசைக்குப் போய்வந்த கையோடு, மொட்டைமாடிக் கொடியில் போட்டு வெயில் காட்டலாம் என்று எடுத்தேன். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், உன் தங்கச்சி வெள்ளவத்தையிலிருந்து இங்கே கொட்டாஞ்சேனை வரைக்கும் பஸ்ஸில் சுமந்துவந்து தந்த பாக்கில் அது இருந்தது. "அக்கா, இதில அவவின்ர கூடாரச் சாமான்தான் கிடக்கு. நீங்கள் ரெண்டுபேரும்தானே சுத்தித் திரிஞ்சனீங்கள், நீங்களே வச்சிருங்கோ" என்று சொல்லி, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். மூன்று மாதம் அந்தப் பாக் என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. தொடவே மனம் வரவில்லை.

நுளம்புத்திரிப் புகையும் மண்ணெண்ணெயும் மணக்கும் என்று நினைத்துத்தான் மடிப்பைப் பிரித்தேன். கறுவாப்பட்டை மணந்தது. காய்ந்த கறுவா இலைகள் நாலைந்து மடிப்புக்குள்ளிருந்து தரையில் விழுந்தன. ஒன்றை எடுத்துக் கசக்கினேன், மணம் இன்னும் இருந்தது. நீயும் நானும் கறுவா இலையைப் பரப்பி அதன்மேல் விரித்துப் படுத்தது ஒரேயொரு தடவைதான். அது நடந்து ஐந்து வருஷம். திரும்பி வந்த மறுநாளே இந்த விரிப்பைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் காயவைத்து உன்னிடம் தந்தவள் நான். பிறகு எப்படி இந்த இலைகள் வந்தன? வெயிலுக்குள் நின்றுகொண்டு, செத்துப்போன உன்னிடம் வாய்விட்டுக் கேட்டேன்: "என்னை விட்டுட்டு எங்கடி போனாய்?" பக்கத்து மாடியில் உடுப்புக் காயப்போட்டவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பம்பலப்பிட்டிக் கந்தோரில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து இருபது வருஷம் கோப்புப் புரட்டியவர்கள் நாம். வீட்டில் வழிபார்த்திருக்க எனக்கும் ஆளில்லை, உனக்கும் இல்லை. கனடாவுக்குப் போன உன் தம்பி விட்டுச் சென்ற சின்ன வானை விற்காமல் நீ ஓட்டப் பழகியபோது கந்தோரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு மாதத்தில், நீண்ட லீவு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, "ஏறடி, ஊர் சுத்துவம்" என்றாய். எங்கே தங்குவது என்று கேட்டேன். "காசு குடுக்காமல் படுக்க இந்த நாட்டில எத்தினை இடம் கிடக்கெண்டு பாப்பம்" என்றாய். உன் கஞ்சத்தனம்தான் என்று முதலில் நினைத்தேன். மன்னித்துக்கொள்.

அன்றைக்குப் புத்தளம் வீதியில் வான் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காரணத்தைச் சொன்னாய். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த காலத்தில் முதல் இரண்டு வருஷம் லொட்ஜ் அறைகளில்தான் உன் சீவியம். அடையாள அட்டையைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். பொலிஸ் பதிவைக் காட்ட வேண்டும். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்டவனுக்கெல்லாம் சொல்ல வேண்டும். "காசும் குடுத்து, கள்ளி மாதிரிப் பதிலும் சொல்லிப் படுத்தனான். இனிமேல் அப்பிடி ஒரு இடத்திலயும் படுக்கமாட்டன். நான் என்ர பேரைச் சொல்லுவன், என்ர ஊரைச் சொல்லுவன். அதைக் கேட்டுட்டு ஒருத்தர் 'ஓம், இதில படுங்கோ' எண்டு சொல்லவேணும். எனக்கு அவ்வளவும்தானடி வேணும்" என்றாய். வீதியைப் பார்த்தபடிதான் சொன்னாய், ஆனால் உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

இடம் பிடிப்பதில் நீ கெட்டிக்காரி. பின்னேரம் நாலு மணிக்கே தேடத் தொடங்கிவிடுவாய், இருட்டிய பிறகு கேட்டால் எந்த வீட்டுக்காரருக்கும் பயம் வரும் என்பாய். கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காயும் வீடாகப் பார்ப்பாய். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு தாய் இருப்பாள், தாய் இருந்தால் படலை திறக்கும். போனதும் இடத்தைக் கேட்கக்கூடாது, தண்ணீர்தான் கேட்க வேண்டும். "தண்ணி தந்த கை தள்ளிவிடாது, பார்" என்பாய். கடற்கரைக் கோயில் வளவு, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானம், பள்ளிக்கூட வாங்கு, மீன்வாடிக் கொட்டில், ஒருமுறை ஒரு முதலாளியின் நெல்லுக் களஞ்சியம் என்று எங்கெல்லாம் படுத்தோம். களஞ்சியத்தில் எலி உன் கால்மேல் ஓடியபோது "கோதாரி விழுவான்!" என்று நீ போட்ட சத்தத்தில் அந்த வீட்டு நாய்கள் விடியும்வரைக்கும் ஓயவில்லை.

எல்லாவற்றையும் ஒரு சிங்கமார்க் கொப்பியில் வரிசையாக எழுதி வைத்தாய். ஊர்ப் பெயருக்கு நேரே ஐந்து கட்டம். தண்ணி, நிழல், கக்கூஸ், நாய், யார் கதைக்கிறது. நாய்க் கட்டத்தில் "இரண்டு, ஒன்று நல்லது" என்று எழுதுவாய். கடைசிக் கட்டத்தில் "நான்" அல்லது "நீ". தமிழ் ஊரென்றால் நீ கதைப்பாய். சிங்கள ஊரென்றால் நான். அது சட்டமாகவே ஆகிவிட்டது.

ஏனென்றால் உன் சிங்களம் அப்படி. "மட்ட வத்துர ஓன" என்று கேட்பாய். எனக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான், தயவும் இல்லை தாட்சண்யமும் இல்லை. "பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கிறியே" என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் சிங்களப் பிள்ளைகளோடு அடிபட்டு வளர்ந்தவள். வாய் திறந்தால் சிங்களத்தி என்றே நினைப்பார்கள். பெயரும் மேரி. கவுன்தான் உடுப்பு. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படி யாரும் ஒன்றும் கேட்காமல் போவது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி அந்த நாள்.

காலிக்கு அப்பால் உள்ளுக்குத் திரும்பும் வீதியில், இரண்டு பக்கமும் கறுவாத் தோட்டம். நீ காலையிலிருந்து ஒரே வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வந்தாய். கந்தோர்ப் பியோனிடம் கேட்டு, துண்டில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தாய். "மகே நம" என்று தொடங்கி உன் பெயர், பிறகு "மம யாப்பனென்", பிறகு "அத ரே மெத்தன நிதாகன்ன புளுவன்த?" என் பெயர் இது, நான் யாழ்ப்பாணம், இன்றைக்கு இரவு இங்கே படுக்கலாமா? பத்துத்தரம், இருபதுதரம். "மேரி, இண்டைக்கு நான்தான் கேப்பன். நீ வாயைத் திறந்தியோ, இறக்கி விட்டிட்டுப் போயிடுவன்" என்றாய். நானும் சரி என்றேன். மாதாவே, சரி என்றுதான் சொன்னேன்.

பெரிய பலாமரம் நின்ற வீடு அது. கொடியில் வெள்ளைச் சட்டைகள் இரண்டு. வழியில் ஓடையில் முகம் கழுவியபோது பொட்டைக் கழற்றி வான் கண்ணாடியில் ஒட்டியவள், திரும்ப வைக்க மறந்து இறங்கிவிட்டாய். வீட்டுக்காரி குசுமா படலைக்கு வந்தாள். நம்மைவிட நாலைந்து வயது கூட இருக்கும், கையில் கறுவா உரிக்கும் கத்தி. சிரித்த முகம். நீ சாரியைச் சரிசெய்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாய். முதல் சொல் வரவில்லை. அவள் உன்னையே பார்த்து, எந்த ஊர் என்று கேட்டாள். உன் உதடு அசைந்தது. ஒரு நிமிஷம், அதுகூட இல்லை, நான் பொறுத்திருந்தால் நீ சொல்லியிருப்பாய்.

"எயாட்ட கதா கரன்ன பே" என்றேன். அவளுக்குப் பேச வராது.

"அனே!" என்று குசுமா கத்தியைக் கீழே போட்டுவிட்டு உன் கையைப் பிடித்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை எழுத வேண்டுமென்றுதான் இந்த மடலை எடுத்தேன், எழுத வரவில்லை. உன் பெயரைக் கேட்டாள். சோமா என்று ஒரு சிங்களப் பேரைச் சொன்னேன். எங்கிருந்து இந்தப் பொய்யெல்லாம் வந்தது? வத்தளைப் பக்கம், நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெரு என்றேன். உனக்கு ஒரே நாக்கால் இரண்டு அடி அடித்துவிட்டேன், ஒன்று பேச்சைப் பறித்தது, மற்றது பேரை.

அந்தப் பின்னேரம் முழுக்க அவள் உன்னைத்தான் தாங்கினாள். விரிப்புக்குக் கீழே கறுவா இலை பரப்பினால் பூச்சி பொட்டு வராது என்று கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். ஊமைக்குக் காதும் கேளாது என்று நினைத்து உரத்துக் கதைத்தாள், கையால் காட்டினாள். மீன்குழம்பில் நடுத்துண்டு உனக்கு. தயிரும் பாணியும் உனக்கு. எல்லாவற்றுக்கும் நீ தலையை ஆட்டினாய். மறுநாள் காலை பன்சலைக்குப் போய், பிக்கு பிரித் ஓதிய நூல் வாங்கிவந்து, உனக்குப் பேச்சு வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லி உன் கையில் மூன்று முடிச்சுப் போட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதற்கும் நீ தலையை ஆட்டினாய். நாய்கூட இல்லாத வீடு. இதைவிட நல்ல இடம் நமக்கு எட்டு வருஷத்தில் கிடைத்ததில்லை.

காலி வீதிக்கு ஏறும்வரைக்கும் நீ பேசவில்லை. "எடி, இனிக் கதைக்கலாமே" என்று பகிடி விட்டேன், நான் விட்ட கடைசிப் பகிடி. நூலை வெட்டு என்றேன். அப்போதுதான் வாய் திறந்தாய். "அவ மனசோட கட்டினவ. நீ வெட்டச் சொல்லாத" என்றாய். பாணந்துறை தாண்டும்போது இன்னொன்று சொன்னாய், சத்தமே இல்லாமல்: "நான் கேட்டிருப்பனடி, மேரி."

அதற்குப் பிறகு நாம் எங்கேயும் போகவில்லை. சண்டை இல்லை. சண்டை பிடித்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் தோசை சாப்பிட்டோம், உன் பிளாட்டின் பல்கனியில் இருந்து கடலையும் ரயிலையும் பார்த்தோம். பயணம் என்று நான் வாயெடுத்தால் உனக்கு முழங்கால் வலி. பிறகு வானுக்குப் பற்றரி இல்லை. பிறகு பெற்றோல் வரிசை. நான் ஏனென்று கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாய் என்ற பயம். ஐந்து வருஷம் இப்படியே போனது. ஒரு காலையில் தேத்தண்ணி வைக்கப் போன இடத்தில் குசினித் தரையில் விழுந்து போய்விட்டாய். நெஞ்சுவலி என்றார்கள். உன் தங்கச்சி போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனிக் கேட்க முடியாது என்பதுதான்.

இலைகள் விழுந்த அன்றைக்குப் பாக்கின் அடியில் கொப்பியைத் தேடி எடுத்தேன். கடைசியில் எழுதிய பக்கம் அந்த ஊர். தண்ணி, கிணறு, நல்லது. நிழல், பலா. கடைசிக் கட்டத்தில் "நீ" என்று எழுதி, அதைப் பேனையால் அழுத்தி வெட்டியிருந்தாய். பக்கத்தில் "நான்". அதன் கீழே வேறு மையில் "நான்". அதன் கீழே இன்னொரு "நான்". முழங்கால் வலி, பற்றரி, பெற்றோல். சனியன் பிடித்தவளே, என்னிடம் எவ்வளவு அழகாகப் பொய் சொல்லியிருக்கிறாய்.

புதன்கிழமை அங்கே போனேன். வான் இல்லையே, உன் தங்கச்சி விற்றுவிட்டாள். பஸ்ஸில் போய் இறங்கி, அந்த வீதியில் வெயிலுக்குள் நடந்தேன். பள்ளிச் சட்டைகள் இப்போது நீளக் காற்சட்டைகளாகிவிட்டன. குசுமா என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். நான் கேட்காமலே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துக்கொண்டே சிங்களத்தில் உன்னைத்தான் விசாரித்தாள், உன் முழுப்பெயரையும் சொல்லி. நாலு எழுத்துத் தடுமாறினாலும் முழுப்பெயர்.

நீ இறந்துபோனதைச் சொன்னேன். அவள் பலாமர வேரில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுது முடிய அவளே சொல்லத் தொடங்கினாள். நாம் வந்துபோன மூன்றாம் மாதம் நீ தனியே வந்தாயாம். படலையில் நின்றபடியே "மகே நம" என்று தொடங்கி முழு வசனத்தையும் சொன்னாயாம். இவள் பன்சலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். நீ கையை நீட்டி நூலைக் காட்டி, "உங்கட நூல் வேலை செய்திட்டுது அக்கே" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாயாம். பிறகுதான் உண்மையைச் சொன்னாயாம். "முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனோம்" என்றாள். மூன்றுதரம் வந்து, இதே மரத்தடியில் விரித்துப் படுத்தாயாம். பொழுது விழும்வரைக்கும் கதையாம். "அவ கதைக்கிற சிங்களம்! தண்ணி கேட்டாலும் அதிகாரி மாதிரித்தான்" என்று அவளும் சிரித்தாள். அந்தப் பகிடி என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

"தமிழ் ஆக்கள் என்று எனக்கு முதல்நாளே தெரியும். வான் கண்ணாடியில் பொட்டு ஒட்டியிருந்ததே. ஊமை என்றதைத்தான் நம்பிவிட்டேன்" என்றாள் குசுமா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அவவிடம் கேட்டேன், ஏன் அந்த நோனா அப்படிச் சொன்னா என்று. நீங்கள் பயத்தில் சொன்னதாம். வாய் திறந்து தமிழ் என்று தெரிந்தால் அவவுக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்தீர்களாம். 'என்ர சிநேகிதியைக் குறை நினைக்காதேங்கோ' என்று சொன்னா. அப்படித்தானே?"

இல்லையடி. நீயும் அறிவாய், அப்படி இல்லை. சிரித்த முகத்தோடு நின்ற ஒரு தாயின் படலையில் பயப்பட என்ன இருந்தது? பகல் வெளிச்சம், பள்ளிச் சட்டைகள், கறுவா மணம். நான் வெட்கப்பட்டேன். நீ வாய் திறந்தால் உன்னோடு சேர்த்து என்னையும் தமிழச்சி என்று அவள் பார்ப்பாள். அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியாமல், என் சுகத்துக்காக, உன் வாயை அடைத்தேன். இருபது வருஷம் ஒரு மேசையில் இருந்த உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் அவளிடம் எனக்காகப் பயம் என்று சொல்லியிருக்கிறாய். என்னை நல்லவளாக்கிவிட்டுப் போயிருக்கிறாய். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

குசுமா பதிலுக்குக் காத்திருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஒரு சொல்லுக்கும் நான் தேட வேண்டியதில்லை. வாயைத் திறந்தேன். நீ அன்றைக்கு நின்ற அதே இடத்தில்தான் நின்றேன்.

தலையை ஆட்டினேன். ஓம், பயம்தான் என்று.

"பாவம், யார்தான் பயப்படாமல் இருந்தார்கள்" என்று அவள் என் தோளைத் தடவினாள். இன்றைக்கு நின்றுவிட்டுப் போங்கள், இடம் இருக்கிறது என்றாள். மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினேன். ஒரு கட்டு கறுவா இலை தந்தாள், உன் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லி. உன் படம் என்னிடம் இல்லை. உன்னைப் படம் எடுக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இலைக்கட்டு மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் கொப்பி. அந்தப் பக்கத்தில் உன்னுடைய மூன்று "நான்"களுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். தண்ணி, கிணறு. நிழல், பலா. நாய் இல்லை. ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. நீ அங்கே மூன்றுதரம் போய்க் கதைத்துவிட்டு வந்தாய். நான் போய்த் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.